இருட்டைக் காட்டும் செயலிக்கு இரைச்சல் தெரியவில்லை: ஆறு ஆண்டு அனுபவம்

போன வாரம் அலுவலக நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். புதிதாகக் கூடாரம் வாங்கியிருக்கிறார், வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள். "சனிக்கிழமை காலை கிளம்பி ஞாயிறு மதியம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நகரத்துக்குப் பக்கத்திலேயே நல்ல முகாம் தளம் வேண்டும். முகாம் தளம் தேடி முன்பதிவு செய்ய நீங்கள் வைத்திருக்கும் செயலிக்குச் சந்தா கட்டலாமா?"

"கட்டுங்கள்" என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். அதற்கு முந்தைய சனிக்கிழமை இரவு நாங்கள் நால்வரும் விடிய விடியக் கண் மூடவில்லை. அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்ததும் இதே செயலிதான். சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி நினைவூட்டலும் அதே வாரத்தில் வந்து நின்றது. நண்பருக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

என் குறிப்பேட்டின்படி ஆறு ஆண்டுகளில் 41 இரவுகள் கூடாரத்தில் தூங்கியிருக்கிறோம், அல்லது தூங்க முயன்றிருக்கிறோம். எல்லாமே வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய இடங்கள். அதற்கு மேல் போனால் ஒரே ஓர் இரவுக்காக இரண்டு நாளும் காரிலேயே கழிந்துவிடும். இந்த 41-இல் முப்பதுக்கும் மேற்பட்டவை செயலி வழியாகக் கிடைத்தவை. அதை மறுத்தால் நான் பொய் சொன்னவனாவேன்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது, ரத்தான முன்பதிவு காலியானவுடன் வரும் அறிவிப்பு. நகரத்துக்கு அருகிலுள்ள நல்ல தளங்கள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். ஆனால் வார இறுதிக்கு இரண்டு நாள் முன்பு வானிலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பலர் பின்வாங்குவார்கள். வியாழக்கிழமை மாலை கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தால், பாதி முறையாவது ஏதோ ஓர் இடம் அகப்படும். தூறல் என்று சொன்ன நாளில் துணிந்து போய், ஒரு சொட்டு மழைகூட இல்லாமல் திரும்பிய வார இறுதிகள் பல. இந்த ஒரு வசதிக்காகவே முதல் மூன்று ஆண்டுகள் பார்ப்பவர்களிடமெல்லாம் இந்தச் செயலியைப் பரிந்துரைத்துக்கொண்டிருந்தேன்.

வரைபடமும் நன்றாக இருக்கிறது. 2004-இல் தொடங்கி உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைந்துவரும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்தான் அதன் அடித்தளம். நிலத்தின் உயரத்தைக் காட்டும் சம உயரக் கோடுகள், ஒற்றையடிப் பாதைகள், தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் செயலியின் வரைபடத்தில் இருக்கின்றன. சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கிறது. போய்ச்சேரும் நேரத்தை மட்டும் வெறிச்சோடிய சாலையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை நகரத்தை விட்டு வெளியேறவே முக்கால் மணி நேரம் ஆகும் என்பதை நாம்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். அது பெரிய குறையல்ல, பழகிவிடும்.

அப்புறம் அந்த இருட்டு அடுக்கு. ஒரு பொத்தானைத் தொட்டால் எந்தத் தளத்தில் வானம் எவ்வளவு இருட்டாக இருக்கும் என்று வண்ணத்தில் காட்டுகிறது. ஜான் போர்ட்டில் என்ற வான் நோக்கர் 2001-இல் வெளியிட்ட ஒன்பது படி அளவுகோல் அது: 1 என்றால் மாசற்ற இருட்டு, 9 என்றால் நகரத்தின் நடு மையம். நகரத்துக்கு அருகில் 4 கிடைத்தாலே பெரிய வரம். பால்வீதி ஓரளவு தெளிவாகத் தெரியும். அப்படி ஓர் இடத்தில் என் மகள் முதன்முறையாக அதைப் பார்த்துவிட்டு மேகம் என்று நினைத்தாள். மேகமல்ல, அத்தனையும் நட்சத்திரங்கள் என்று சொன்னதும் அவள் கழுத்தைத் தாழ்த்தாமல் நின்ற நேரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த இரவை இந்தச் செயலி கொடுத்தது. அதற்கு என் நன்றி என்றைக்கும் உண்டு.

வெளிச்சத்தை இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிடத் தெரிந்தவர்களுக்கு, சத்தம் என்று ஒன்று இருப்பது எப்படித் தெரியாமல் போனது? ஆறு ஆண்டுகளாக என்னை அரிக்கும் கேள்வி இது. கழிப்பறை எத்தனை, குளியலறையில் வெந்நீர் வருமா, நாயை அழைத்து வரலாமா, கைப்பேசிச் சிக்னல் எத்தனை கோடு என்று எல்லாவற்றுக்கும் ஒரு சின்னம் இருக்கிறது. இரவில் தூங்க முடியுமா என்பதற்கு ஒன்றுமில்லை. கூடாரம் போடப் போவதே தூங்கி எழத்தானே?

அந்தச் சனிக்கிழமையைச் சொல்கிறேன். ஆற்றங்கரை, 4.7 நட்சத்திரம், இருநூறுக்கும் மேற்பட்ட மதிப்புரைகள். மாலை நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது படத்தில் பார்த்ததைவிட அழகாக இருந்தது. மரங்களுக்கு நடுவே 14-ஆம் எண் இடம். முளை அடித்துக் கூடாரத்தை இழுத்துக் கட்டும்போது பறவைச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் தவிர ஒன்றும் கேட்கவில்லை. "இந்த முறை சரியாக அமைந்துவிட்டது" என்றாள் மனைவி.

ஒன்பதரை மணிக்கு மேல் தொடங்கியது. முதலில் ஒரு மெல்லிய உறுமல், யாரோ தொலைவில் மாவு மில் ஓட்டுவதைப் போல. பத்தரைக்கு அது தனித்தனி லாரிகளாகப் பிரிந்து கேட்டது. ஒவ்வொன்றும் ஏற்றத்தில் கியர் மாற்றுவதைத் துல்லியமாகப் பிரித்துச் சொல்ல முடிந்தது. அதோடு அரை நிமிடத்துக்கு ஒரு முறை 'தடக்-தடக்' என்று இரட்டைத் தட்டல். பாலத்தின் இணைப்பு இடைவெளியில் சக்கரம் ஏறி இறங்கும் ஓசை அது என்று காலையில்தான் புரிந்தது. நள்ளிரவு தாண்டி மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, லாரி நம் கூடாரத்துக்குள் வந்துவிடுமா?" என்றான். கைப்பேசியில் டெசிபல் அளக்கும் வசதியைத் திறந்து தலைமாட்டில் வைத்தேன். 50-ஐ ஒட்டியே நின்றது. கைப்பேசி காட்டுவது துல்லியமான அளவல்லதான். ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் படுக்கையறைக்குச் சொன்ன அளவு 30 டெசிபல். கூடாரத் துணி சுவரல்ல. வெளியே இருப்பது அப்படியே உள்ளே வரும்.

நெடுஞ்சாலை அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மாலையில் ஏன் கேட்கவில்லை? இதை விசாரித்துத் தெரிந்துகொண்டபோதுதான் என் கோபம் இரட்டிப்பானது. காற்று 20 டிகிரி செல்சியசில் இருக்கும்போது ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 10 டிகிரியில் சுமார் 337 மீட்டர். பகலில் வெயில்பட்ட நிலம் தன்னை ஒட்டிய காற்றைச் சூடாக்குகிறது. கீழே வேகம் அதிகம், மேலே குறைவு என்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடுகிறது. இரவில் நிலம் குளிர்ந்ததும் எல்லாம் தலைகீழ். தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று, அதற்கு மேலே வெதுவெதுப்பான அடுக்கு. மேலே போன ஒலி வளைந்து மீண்டும் தரைக்கே இறங்குகிறது. வானம் தெளிவாகவும் காற்று அசையாமலும் இருக்கும் இரவில் இது உச்சத்தில் இருக்கும். அதாவது நட்சத்திரம் பார்க்க எந்த இரவைத் தேர்ந்தெடுக்கிறோமோ அந்த இரவில்தான் நெடுஞ்சாலை நம் தலையணைக்கு வருகிறது. இருட்டு அடுக்கைப் பார்த்து ஆசையோடு கிளம்பும் குடும்பத்துக்கு இதைச் சொல்ல வேண்டாமா?

அந்த 4.7 நட்சத்திரத்தைப் பிறகு பொறுமையாக அலசினேன். படங்கள் எல்லாம் பகலில் எடுத்தவை. மதிப்புரைகளில் பெரும்பாலானவை ஆற்றின் அழகையும் கழிப்பறையின் சுத்தத்தையும் பேசுகின்றன. வேனுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவரும், பகலில் வந்து போனவரும், கூடாரத்தில் படுத்தவரும் ஒரே தட்டில் நட்சத்திரம் போடுகிறார்கள். 'சாலைச் சத்தம்' என்று தேடியபோது ஏழு பேர் எழுதியிருந்தது கிடைத்தது. ஏழு பேரும் கூடாரக்காரர்கள். அவர்கள் குரல் இருநூறு பேருக்குள் அமிழ்ந்துபோயிருந்தது.

நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதினேன். பயனர்கள் கருத்துப் பகுதியில் குறிப்பிடலாம் என்று இரண்டு முறையும் ஒரே பதில். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்: சத்தம் இரவுக்கு இரவு மாறும், காற்றின் திசைக்கேற்ப மாறும். டெசிபல் கணக்கில் உறுதி கொடுப்பது எளிதல்ல. ஆனால் நான் கேட்டது டெசிபல் அல்ல. நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் அவர்கள் வரைபடத்திலேயே கோடாக ஓடுகின்றன. தளத்திலிருந்து அந்தக் கோடு எத்தனை மீட்டர், நடுவில் மேடு இருக்கிறதா என்ற இரண்டே தகவல் போதும். உயரக் கணக்கும் அவர்களிடமே இருக்கிறது. ஆறு ஆண்டு சந்தா கட்டியவன் இதைக் கேட்பது பேராசையா?

அவர்கள் செய்யாததை இப்போது நான் கையால் செய்கிறேன். வரைபடத்தில் தளத்தைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் வரை பார்ப்பேன். நெடுஞ்சாலை தென்பட்டால் இடையில் குன்று நிற்கிறதா என்று சம உயரக் கோடுகளை எண்ணுவேன். சாலைக்கும் நமக்கும் நடுவே பார்வையை மறைக்கும் மேடு இருந்தாலே சுமார் 5 டெசிபல் குறையும், உயர உயர இன்னும் குறையும். மரங்களை மட்டும் நம்புவதில்லை. கண்ணுக்கு ஊடுருவாத அளவு அடர்ந்த தோப்பு 60 மீட்டர் ஆழத்துக்கு இருந்தால்தான் 10 டெசிபல் வரை குறையும். முகாம் தளங்களில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு மூன்று வரிசை மரங்கள்தான். இலையுதிர்ந்த காலத்தில் அதுவும் இல்லை. தளத்துக்குள்ளேயே பின்வரிசைக்குப் போனால் அமைதியாக இருக்கும் என்று நம்பித்தான் பல முறை ஏமாந்தேன். இடைவிடாமல் வண்டி ஓடும் சாலை ஒரு கோடு போன்ற ஒலி மூலம். தூரம் இரட்டிப்பானால் 3 டெசிபல்தான் குறையும். ஒன்றரைக் கிலோமீட்டரில் இருந்துகொண்டு நூறு மீட்டர் தள்ளிப் படுப்பதால் எதுவும் மாறாது.

சாலையில் ஏற்றம் இருக்கிறதா, பாலம் இருக்கிறதா, பாதையில் ரயில்வே கேட் இருக்கிறதா என்பதையும் பார்க்கிறேன். கேட்டை நெருங்கும் ரயில் ஹாரன் அடிக்கும், அதுவும் இரவு இரண்டு மணிக்கு. ஓடையின் சலசலப்பு தொலைதூர உறுமலை மூடிவிடும். ஹாரனையும் லாரியின் பிரேக்கையும் மூடாது. ஓடையை ஒட்டியே படுத்தால் குளிர்ந்த காற்று இறங்கித் தேங்கும், விடியும்போது வெளித்துணி சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். கொஞ்சம் மேட்டில் போடுவதே நல்லது.

இவை எல்லாவற்றையும்விட நம்பகமான வழி ஒன்று இருக்கிறது, அது பக்கத்தில் முகாம் போடுபவர்களுக்கு மட்டுமே வாய்க்கும். நேரில் போய்ச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பது. ஒன்றரை மணி நேர தூரம் என்றால் யோசிக்க வேண்டியிருக்கும். நாற்பது நிமிடத்தில் இருக்கும் தளத்துக்கு வார நாளில் இரவு பத்து மணிக்கு ஒரு நடை போய்வரலாம். உள்ளே விட மாட்டார்கள், கேட் வரை போனாலே போதும். எஞ்சினை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிப் பத்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். இப்படி ஐந்து இடங்களைக் கேட்டிருக்கிறேன். மூன்றை அந்த வாசலிலேயே கைவிட்டேன். மூன்றுமே 4.5-க்கு மேல் நட்சத்திரம் வாங்கியவை.

நண்பருக்கு என் பதில்: கட்ட வேண்டாம். நானும் புதுப்பிக்கவில்லை. மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது பொருந்தவில்லை என்று தோன்றலாம். முப்பது நல்ல வார இறுதிகளைக் கொடுத்தது உண்மை. ஆனால் என் மகன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட அந்தக் கேள்விக்குப் பிறகு, அந்த நிறுவனத்தின் இரண்டு வரிப் பதிலை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நேற்று இரவு நண்பரையும் அழைத்துக்கொண்டு ஆறாவது இடத்துக்குப் போனேன். 3.9 நட்சத்திரம், கழிப்பறை பழையது, படங்களில் ஒன்றும் கவர்ச்சி இல்லை. சாலைக்கும் தளத்துக்கும் நடுவே எட்டுச் சம உயரக் கோடு உயரமுள்ள குன்று. பத்தேகால் மணிக்கு எஞ்சினை நிறுத்தினோம். பூச்சிகளின் ரீங்காரம், சூடான எஞ்சின் ஆறும்போது எழும் டிக்-டிக், அப்புறம் எங்கோ ஒரு நாய். பத்து நிமிடம் கழித்து நண்பர் மெல்ல, "ஒன்றுமே கேட்கவில்லையே" என்றார். குசுகுசுவென்றுதான் சொன்னார். வரும் சனிக்கிழமைக்கு 22-ஆம் எண் இடத்தை அங்கேயே முன்பதிவு செய்தோம், என் கைப்பேசியில், அதே செயலியில். சந்தா முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.