4,200 டாலருக்கு வந்து சேர்ந்த தவறான இன்ஜின்: போன்டியாக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

என்னிடம் 4,200 டாலர் வாங்கிக்கொண்டு ஏமாற்றிய அதே விளம்பரம், அதே காணொளியுடன், வேறொரு பெயரில் நேற்று இரவு மீண்டும் வெளியாகியிருப்பதைப் பார்த்தேன். அதன் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வயிற்றெரிச்சலைக் கொட்டித் தீர்ப்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. மிச்சிகனிலும் ஒஹாயோவிலும் பழைய அமெரிக்கக் கார்களை ஆசையோடு வைத்துப் பராமரிக்கும் தமிழர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவராவது இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்பாமல் நிறுத்திக்கொண்டால் போதும். பழைய உதிரி பாகங்களை ஏமாறாமல் வாங்குவது எப்படி என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 2009ஆம் ஆண்டின் போன்டியாக் ஜி8 ஜிடி. வெளியே பார்ப்பதற்கு, பின் இருக்கையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்குச் செல்லும் சாதாரண நான்கு கதவுக் காராகத்தான் தெரியும். ஆனால் பானட்டுக்கு அடியில் எட்டு சிலிண்டர்கள் கொண்ட 6.0 லிட்டர் வி8 இன்ஜின் இருக்கிறது, அதன் திறன் 361 குதிரைத்திறன். பெயர்தான் அமெரிக்கப் பெயர், கார் உருவானது ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகருக்கு அருகிலுள்ள எலிசபெத் ஆலையில். அமெரிக்காவில் இரண்டே மாடல் ஆண்டுகள் விற்கப்பட்ட இந்தக் கார்களின் மொத்த எண்ணிக்கை நாற்பதாயிரத்தை எட்டவில்லை. 2016இல் இதை வாங்கிய நாளிலிருந்து நான் இதை ஒரு சொத்தாக நினைத்ததில்லை, வீட்டில் ஒருவராகத்தான் நினைத்து வந்திருக்கிறேன்.

இந்த இடத்தில் இன்னொரு கோபத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் ஏமாந்ததன் வேர் அங்கேதான் இருக்கிறது. 1926இல் தொடங்கப்பட்டு, 1964இல் ஜிடிஓ என்ற காரால் அமெரிக்க இளைஞர்களையே கிறங்கவைத்த பெயர் போன்டியாக், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார்ப் பெயர்களில் ஒன்று. டெட்ராய்ட்டுக்கு வடக்கே இருக்கும் ஊரின் பெயர் அது. அந்த ஊருக்கோ, 1763இல் டெட்ராய்ட் கோட்டையை முற்றுகையிட்ட ஒடாவா பழங்குடித் தலைவரின் பெயர். அப்படிப்பட்ட பெயரைப் பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகம் நடத்திய விதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. தங்களுடைய இன்னொரு கார்ப் பெயரான செவ்ரோலெட்டின் ஆவியோ என்ற சிறிய காருக்கு முகப்பை மாற்றி ஜி3 என்றார்கள், கோபால்ட் காருக்கு முகப்பை மாற்றி ஜி5 என்றார்கள். வாடிக்கையாளர்கள் விலகிப் போனதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா? கடைசியில் ஜி8 என்ற நல்ல காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது காலம் கடந்துவிட்டது. 2009 ஏப்ரல் 27 அன்று போன்டியாக்கை மூடுவதாக அறிவித்தார்கள். ஜூன் 1 அன்று நிறுவனமே திவால் மனு கொடுத்தது. அமெரிக்க அரசு ஏறத்தாழ 4,950 கோடி டாலரைக் கொட்டி அந்த நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது. அதே நிறுவனத்தின் மற்றொரு கார்ப் பெயரும் சீனாவில் நன்றாக விற்றுக்கொண்டிருந்ததுமான பியூக் பிழைத்துக்கொண்டது, போன்டியாக்கைக் கைவிட்டார்கள். ஜி8 உருவான எலிசபெத் ஆலையும் 2017 அக்டோபர் 20 அன்று கதவை மூடிவிட்டது.

ஒரு நிறுவனம் தன் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியை அடித்துவிட்டால், அந்தக் காரை நம்பி வாங்கியவன் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குக் காயலான் கடைகளையும் முகம் தெரியாத விற்பனையாளர்களையும் நம்பித்தான் வாழ வேண்டியிருக்கிறது. அந்த முகம் தெரியாதவர்களில் ஒருவரிடம்தான் நான் சிக்கினேன்.

சென்ற மார்ச் மாதம் ஐ-75 நெடுஞ்சாலையில் கிடந்த ஓர் இரும்புத் துண்டு என் காரின் ஆயில் பேனை, அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டியை, கிழித்துவிட்டது. நான் ஓரம் கட்டுவதற்குள் ஆயில் முழுவதும் வடிந்து, இன்ஜினுக்குள் பேரிங்குகள் தேய்ந்து போயின. இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்வதைவிட, விபத்தில் சிக்கிய வேறொரு ஜி8இலிருந்து கழற்றிய நல்ல இன்ஜினை மாற்றுவதே மேல் என்றார் எங்கள் மெக்கானிக். ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் டிரீம் குரூஸ் நடக்கும். 1995 முதல் ஃபெர்ன்டேலிலிருந்து போன்டியாக் ஊர் வரை உட்வர்ட் சாலை முழுவதும் பழைய கார்கள் ஊர்வலமாக ஓடும் நாள் அது, எங்களுக்கு அது திருவிழா. அதற்குள் கார் ஓட வேண்டும் என்ற அவசரம் எனக்கு இருந்தது. அவசரப்படுகிறவனைக் கண்டுகொள்வதில் இவர்கள் கைதேர்ந்தவர்கள்.

பழைய உதிரி பாகங்களை வாங்கவும் விற்கவும் இடம் கொடுக்கும் ஓர் இணையச் சந்தையில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். விலை 4,500 டாலர் என்று போட்டிருந்தது. பின்பக்கம் நொறுங்கிய ஒரு கறுப்பு ஜி8இன் இன்ஜினை ஸ்டார்ட் செய்து காட்டும் காணொளியும் இருந்தது. பானட்டை மஞ்சள் கயிற்றால் கட்டி நிறுத்தியிருந்தார்கள். முன்கண்ணாடியின் ஓரத்தில் அன்றைய தேதியை எழுதிய ஓர் அட்டைத் துண்டு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இன்ஜின் சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. அந்தச் சத்தத்தை நான் பத்து முறையாவது கேட்டிருப்பேன்.

பிறகு விற்பவரோடு தொலைபேசியில் பேசினேன். நான் விழுந்தது அந்த உரையாடலில்தான், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. என் காரின் நிறம் என்ன, எத்தனை ஆண்டுகளாக வைத்திருக்கிறேன், அதன் பானட்டில் உள்ள இரண்டு காற்றுத் துளைகளையும் பார்த்தால் எனக்கு என்ன தோன்றும் என்றெல்லாம் கேட்டார். தன் தகப்பனார் போன்டியாக் ஊரின் ஆலையில் வேலை செய்தவர் என்றும், மூடுவதாக அறிவிப்பு வந்த நாளில் அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார் என்றும் சொன்னார். கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார்: “இதைப் பிக்கப் டிரக்கில் மாட்டுவதற்காக இரண்டு பேர் அதிக விலைக்குக் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை. இது இன்னொரு ஜி8க்குத்தான் போக வேண்டும்.”

அந்த வார்த்தைக்குப் பிறகு நான் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. சந்தைத் தளத்தின் வழியாகப் பணம் கட்டினால் அவர்கள் கமிஷன் பிடித்துக்கொள்வார்கள், வங்கியிலிருந்து நேரடியாக அனுப்பினால் 300 டாலர் குறைத்துக்கொள்கிறேன் என்றார். அன்று மாலையே 4,200 டாலரை அனுப்பிவிட்டேன். என் மனைவி, “நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுக்கக் கூடாதா? ஆறு மணி நேரப் பயணம்தானே?” என்று கேட்டாள். “இவர் அப்படிப்பட்டவர் இல்லை” என்று நான் சொன்ன பதில் இன்றும் என் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

பன்னிரண்டு நாட்கள் கழித்து, கறுப்பு பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றிய இன்ஜின் மரப் பலகையில் வந்து இறங்கியது. மழை தூறிக்கொண்டிருந்தது. லாரி ஓட்டுநர் அவசரப்படுத்தியதால், தாளைப் பிரித்துப் பார்க்காமலே “நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்” என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு கையெழுத்து பிறகு எனக்கு எதிராகவே திரும்பியது.

மறுநாள் என்னோடு வேலை செய்யும் மதுரைத் தம்பி உதவிக்கு வந்தான். பிளாஸ்டிக்கைப் பிரித்ததும் அவன் நெற்றியைச் சுருக்கினான். இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு அனுப்பியிருந்தார்கள். ஆயில் பேன் என் காருடையதைவிட ஆழமாக இருந்தது. “அண்ணா, வீட்டில் காந்தம் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டான். குளிர்சாதனப் பெட்டியில் என் மகள் ஒட்டிவைத்திருந்த மாம்பழ வடிவக் காந்தத்தை எடுத்து வந்தேன். மேலே இருந்த சிலிண்டர் ஹெட்டில் வைத்தான், ஒட்டவில்லை, வழுக்கி விழுந்தது. கீழே பிளாக்கின், அதாவது சிலிண்டர்கள் அமைந்திருக்கும் இன்ஜினின் முக்கிய உடற்பகுதியின், பக்கவாட்டில் வைத்தான். டக்கென்று ஒட்டிக்கொண்டது. நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜி8 ஜிடியில் வரும் 6.0 லிட்டர் இன்ஜினின் பிளாக் அலுமினியத்தால் ஆனது, அதன் வெளிப்புறத்தில் காந்தம் ஒட்டாது. அதே நிறுவனம் அதே 6.0 லிட்டர் கொள்ளளவில் டிரக்குகளுக்காகச் செய்த இன்ஜின்களில் பல வார்ப்பிரும்பு பிளாக் கொண்டவை. எடை அதிகம், எண்ணிக்கையும் அதிகம், அதனால் காயலான் கடைகளில் அவை மலிவு. இது இன்னொரு ஜி8க்குத்தான் போக வேண்டும், டிரக்குக்குத் தரமாட்டேன் என்று சொன்ன மனிதர் எனக்கு அனுப்பியது ஒரு டிரக் இன்ஜினை. அதுவாவது ஓடும் நிலையில் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாகச் சிறிய கேமராவை விட்டுப் பார்த்தோம். ஏழாவது சிலிண்டரின் சுவர் முழுவதும் செங்கல் நிறத்தில் துரு படிந்திருந்தது.

அன்று மாலையே அவரை அழைத்தேன். கிடங்குப் பையன் மாற்றி அனுப்பிவிட்டான், வெள்ளிக்கிழமை வண்டி அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார். வெள்ளிக்கிழமை வண்டி வரவில்லை. அடுத்த வாரம், தாயார் மருத்துவமனையில் இருப்பதாகச் செய்தி அனுப்பினார். நானும் அவருக்கு ஆறுதல் சொல்லிப் பதில் எழுதினேன். அதற்கடுத்த வாரம் பேச்சே மாறிவிட்டது. இரண்டும் 6.0 லிட்டர்தான், இரும்பு பிளாக்தான் உறுதியானது, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்றார். அதன் பிறகு என் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

இணையச் சந்தையின் வாடிக்கையாளர் சேவையை அணுகினேன். மூன்று நாட்களில் மூன்று பேர் பதில் எழுதினார்கள், மூவரும் என் கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். நான்காவது பதில் இரண்டே வரி: பணம் தளத்துக்கு வெளியே கைமாறியிருப்பதால் பாதுகாப்புத் திட்டம் பொருந்தாது, புகார் முடித்துவைக்கப்பட்டது. விளம்பரம் உங்கள் தளத்தில்தானே இருந்தது, அதைப் பார்த்துத்தானே நான் வந்தேன் என்று கேட்டு எழுதிய கடிதம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. வங்கியும் கையை விரித்துவிட்டது. திருடன் என் கணக்கில் புகுந்து எடுத்திருந்தால் சட்டப்படி பொறுப்பேற்போம், நீங்களே அனுமதித்து அனுப்பிய பணத்துக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். ஆக, 4,200 டாலர் போனது போனதுதான். மிச்சிகன் அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவிலும், எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையத்திலும் புகார் பதிந்திருக்கிறேன். இரண்டு புகார் எண்கள் என்னிடம் இருக்கின்றன, இன்றைய தேதியில் அவ்வளவுதான்.

4,200 டாலர் என்பது என் குடும்பத்துக்குச் சிறிய தொகை இல்லை. இந்த ஆண்டு ஊருக்குப் போவதற்கு விமானச் சீட்டுக்காக ஒதுக்கியிருந்த பணத்தில் பாதிக்கு மேல் அதில் போய்விட்டது. ஊரில் இருக்கும் அம்மாவிடம் இந்த முறை வர முடியவில்லை என்று சொன்னபோது காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உட்வர்ட் ஊர்வலமும் முடிந்துவிட்டது. அன்று சாலையோரம் நின்றுகொண்டிருந்தபோது, என் காரைப் போலவே சிவப்பு நிறத்தில் ஒரு ஜி8 எங்களைக் கடந்து போனது. என் மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் எழுதுவதாகச் சொன்ன ஆலோசனைகளை விரிவாக எழுதும் நிதானம் இப்போது எனக்கு இல்லை. முக்கியமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். விற்பவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். தள்ளுபடி கிடைக்காவிட்டாலும் கடன் அட்டையில் கட்டுங்கள், பொருள் தவறாக வந்தால் பில் வந்த அறுபது நாட்களுக்குள் எழுத்து மூலம் முறையிடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. லாரி ஓட்டுநர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முடிந்தால் ஒரு காந்தத்தோடு நேரில் போங்கள்.

நேற்று வந்த விளம்பரத்தில் விற்பவரின் பெயர் வேறு, ஊர் வேறு, விலை 4,300 டாலர். ஆனால் அதே நொறுங்கிய கறுப்பு ஜி8, பானட்டில் அதே மஞ்சள் கயிறு, அதே இன்ஜின் சத்தம். தேதி எழுதிய அட்டை இருந்த ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டிருக்கிறார்கள். நான் தளத்துக்குப் புகார் அனுப்பிப் பதினான்கு மணி நேரம் ஆகிறது, இதை எழுதும் இந்த நேரம் வரை விளம்பரத்தை நீக்கவில்லை. ஜி8 இன்ஜின் தேடிக்கொண்டிருப்பவர்கள் அந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தால் தயவுசெய்து பணம் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இன்றே உங்கள் வங்கியை அழையுங்கள். என் புகார் எண்கள் தேவைப்பட்டால் தருகிறேன், இருவருமாகச் சேர்ந்து புகார் கொடுக்கலாம்.