செயின் லூஸா? வீலை இழுப்பதா, கண்ணியை வெட்டுவதா, மாற்றியே விடுவதா

கொடைக்கானலில் கியர் இல்லாத சைக்கிள் ஓட்டுகிறேன் என்றால் சிரிப்பார்கள். ஏரியைச் சுற்றி வருகிற ஐந்து கிலோமீட்டருக்கு அது போதும், அங்கே வாடகை சைக்கிளில் செயின் எவ்வளவு தொங்கினாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. நாயுடுபுரம் தாண்டி வில்பட்டிப் பக்கம் இறங்கினால் கதையே வேறு. இறக்கத்தில் மிதிக்க மாட்டோம், லூஸ் செயின் குண்டுகுழியில் துள்ளித் துள்ளி சத்தமில்லாமல் பல்சக்கரத்தின் பல்லை விட்டு இறங்கியிருக்கும். அடுத்த ஏற்றத்தில் எழுந்து நின்று ஒரு மிதி மிதித்ததும் கால் சும்மா கீழே போகும், முட்டி நேராகப் பாரில் போய் அடிக்கும். என் வலது முட்டித் தழும்பு அப்படி வந்ததுதான்.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது, பின் வீலைப் பின்னால் இழுப்பது. காசு செலவில்லை, ஸ்பேனர் போதும். ஆனால் பாதிப் பேர் தப்பாகச் செய்வதும் இதைத்தான். ஸ்டாண்டு, மட்கார்டு கம்பி, கேரியர் எல்லாம் அதே ஆக்சிலில் (வீலின் நடுக்கம்பியில்) மாட்டியிருக்கும், அவசரத்தில் ஒரு பக்க நட்டைச் சரியாக முறுக்காமல் விட்டுவிடுவோம். செயின் வலது பக்கம் இருப்பதால் ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது வலது பக்க ஆக்சில்தான் முன்னால் நழுவும், வீல் கோணிக்கொண்டு டயர் இடது பக்கம் உரசும். ஆக்சிலை நழுவாமல் பிடிக்கிற அட்ஜஸ்டர் போல்ட் இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. அப்புறம், பெடல் பக்கத்துப் பல்சக்கரமான செயின்வீல் எதுவும் முழு வட்டமாக இருக்காது. பெடலை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே நிறுத்தி, நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள், மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆட வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் ஹப் பால்ஸ் போய்விடும். வீல் நகர்ந்தால் பிரேக் கட்டை ரிம்மைத் தொடுகிற இடமும் மாறும், இறங்கும் முன் அதையும் பார்த்துவிடுங்கள். மலையில் இது விளையாட்டு இல்லை.

இரண்டாவது, கண்ணி வெட்டுவது. "தம்பி, ஒரு கண்ணிய எடுத்துட்டா டைட்டா நின்னுரும்" என்று ஒரு கடைக்காரர் சொன்னார். "சரிண்ணே" என்று தலையாட்டினேன். இரண்டு மாதம் ஓடியது, அப்புறம் பிரீவீலில், அதாவது பின் வீலின் பல்சக்கரத்தில், வழுக்க ஆரம்பித்தது. வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் விஷயம் புரிந்தது. செயின் ரப்பர் மாதிரி நீள்வதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் பின் கொஞ்சம் தேய்கிறது, நூறு மூட்டுத் தேய்மானமும் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. மொத்தச் செயின் சுமார் 52 அங்குலம். வெட்டினால் உள்கண்ணி, வெளிக்கண்ணி சேர்த்து ஒரு ஜோடியாகத்தான் வெட்ட முடியும், அது ஒரு அங்குலம். அதாவது தேய்மானத்தால் மட்டும் ஒரு ஜோடி வெட்டுகிற அளவுக்கு லூஸ் ஆனால் செயின் கிட்டத்தட்ட 2 சதவீதம் தேய்ந்திருக்கிறது. 1 சதவீதத்திலேயே தூக்கிப் போட வேண்டிய சாமான் அது! புதுச் செயினே நீளம் அதிகமாக வந்திருந்தால் வெட்டுங்கள். பழையதை வெட்டாதீர்கள்.

செயினை ஸ்பிரிங்கால் இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங் டென்ஷனர் என்று ஒன்று விற்கிறார்கள். வீலை முன்பின் நகர்த்தவே முடியாத ஃபிரேமுக்கு அது வேண்டும். மற்ற வண்டியில் சேறு பிடித்துக்கொள்ள இன்னொரு இடம், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த குறுக்கு வழி ஒன்று உண்டு. 18 பல் பிரீவீலைக் கழற்றிவிட்டு 20 பல் போட்டால் கூடுதலாக அரை அங்குலச் செயின் தேவைப்படும், வீல் சுமார் 6 மில்லிமீட்டர் முன்னால் வந்துவிடும், பின்னால் இழுக்க மறுபடி இடம் கிடைக்கும், ஏற்றத்தில் மிதி பத்து சதவீதம் லேசாகும். பூம்பாறை ரோட்டில் அந்தப் பத்து சதவீதம் பெரிய விஷயம். சமதளத்தில் கால் வேகமாகச் சுற்றும், ஆனால் இங்கே சமதளம் எங்கே இருக்கிறது? ஒரு நிபந்தனை, செயின் நன்றாக இருக்க வேண்டும். தேய்ந்த செயின் புதுப் பல்லையும் சேர்த்துத் தின்றுவிடும்.

நன்றாக இருக்கிறதா என்று பார்க்க பள்ளிக்கூட ஸ்கேல் போதும். பின்னுக்குப் பின் 12 ஜோடிக் கண்ணி எண்ணுங்கள். புதுசு சரியாக 12 அங்குலம் வரும். 12 அங்குலமும் எட்டில் ஒரு பங்கும் வந்துவிட்டால் இழுப்பது, வெட்டுவது எல்லாவற்றையும் மறந்துவிட்டு செயினையும் பிரீவீலையும் சேர்த்தே மாற்றுங்கள். செயினை மட்டும் மாற்றினால் பழைய பல்லில் புதுச் செயின் வழுக்கும், ஏற்றத்தில் மறுபடியும் முட்டிதான்.

போன தடவை நான் அப்படித்தான் இரண்டையும் மாற்றினேன், 20 பல்லே போட்டேன். அன்றைக்கு பின் ஆக்சில் நின்ற இடத்தில், அதைத் தாங்குகிற ஃபோர்க்கின் மேல் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைத்தேன். செயின் 1 சதவீதம் தேய்ந்தால் ஆக்சில் அந்தக் கோட்டிலிருந்து 6 மில்லிமீட்டர் பின்னால் போயிருக்கும், ஸ்கேலே வேண்டாம். ஒரு மழைக்காலம் முடிந்திருக்கிறது, இப்போது 2 மில்லிமீட்டரில் நிற்கிறது.