மூன்று வருடப் பூச்சிக் குளிசையும் சாக்கில் கிடந்த 'அரிசியும்'

பக்கத்து வளவுக்காரர் மாங்குளம் சந்தியிலிருந்து நாய்க்குட்டி ஒன்றைத் தூக்கி வந்திருக்கிறார். "உங்கள் நாய் வீரனுக்குக் கொடுக்கிற பூச்சிக் குளிசை நல்லதா அண்ணை?" என்று வேலிக்கு மேலால் கேட்டார். மூன்று வருடமாக அதைத்தான் கொடுக்கிறேன். ஆனாலும் "நல்லது" என்று உடனே சொல்ல வாய் வரவில்லை.

பிராசிகுவாண்டெல், பைரன்டெல், ஃபெபான்டெல் என்ற மூன்று புழு மருந்தும் சேர்ந்த குளிசை. நாயின் நிறையில் பத்துக் கிலோவுக்கு ஒன்று. முதல் வருடம் கண் மதிப்பில் ஒன்றுதான் கொடுத்தேன். பிறகு நெல் நிறுக்கும் தராசில் ஏற்றினால் 19 கிலோ! அந்தப் பிழை என்னுடையது, குளிசையின் மேல் பழி போடமாட்டேன். இரண்டாகக் கொடுத்தபின் வட்டப்புழு, கொக்கிப்புழு விடயத்தில் குறை சொல்ல இடமில்லை. வெளிறிக் கிடந்த பல் முரசு சிவந்தது, மயிர் மினுங்கியது.

என் கோபமெல்லாம் நாடாப்புழுவால் வந்தது. குளிசை கொடுத்து ஒரு மாதம் போகுமுன் வீரன் படுக்கும் சாக்கில் மறுபடி அந்தத் துண்டுகள்: ஈரத்தில் வெள்ளரி விதை போல, காய்ந்தால் அரிசி போல. நாலு தடவை இப்படி. காசைக் கொட்டி ஏமாந்தேன் என்றே நினைத்தேன். மிருக வைத்தியர்தான் விளங்கப்படுத்தினார். இந்த மருந்து அன்று குடலில் இருக்கும் புழுவைக் கொல்லும். அதன்பின் காவல் நிற்காது. நாடாப்புழுவின் இளம் பருவம் தெள்ளுக்குள் இருக்கிறது. உடம்பைக் கடிக்கும்போது நாய் தெள்ளை விழுங்குகிறது, மூன்று கிழமையளவில் புழு முற்றிவிடுகிறது. தெள்ளை ஒழிக்காமல் குளிசை கொடுப்பது, வேலிப் பொட்டை அடைக்காமல் வயலில் மாடு துரத்துகிற வேலை.

இதை விற்ற கடையில் ஒருவரும் சொல்லவில்லையே! "மூன்று மாதத்துக்கு ஒரு தடவை" என்று மட்டும் சொன்னால், மூன்று மாதமும் பாதுகாப்பு என்றுதானே சனம் நினைக்கும்? எங்கள் முற்றத்தில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடித் திரிகிறார்கள். மாரி ஈரத்தில் கொக்கிப்புழுவின் குஞ்சு மனிதத் தோலையும் துளைக்கும். இப்போது நாய்ப் பீயை அன்றன்றே அள்ளிவிடுகிறேன்.

சாக்கைக் கொதிநீரில் அவித்து, தெள்ளுக்கும் மருந்து தொடங்கி ஐந்து மாதம். அரிசி இல்லை. குளிசை அதே குளிசைதான்.

குட்டிக்கு இதை வாங்க வேண்டாம் என்றேன். வட்டப்புழு தாய் வயிற்றிலேயே தொற்றிவிடும். குட்டிகளுக்கு இரண்டாவது கிழமையிலிருந்தே மருந்து தொடங்க வேண்டும். நிறைக்கேற்ற பாணி மருந்துக்கு நாளைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு போகச் சொன்னேன். இந்தப் பெட்டியைக் கண்டால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. யாருக்கும் பரிந்துரைக்க மனமில்லை. வீரனுக்கு மாசியில் கொடுக்க வேண்டிய இரண்டையும் வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டேன்.