ரிவெட் வைத்த வளையச் சட்டை: 1370களுக்கு எவ்வளவு அருகில் வருகிறது?

வட இந்தியப் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்து வாங்கிய இரும்பு வளையச் சட்டையைப் பற்றியது இந்த மதிப்புரை. ஆயிரக்கணக்கான சிறு இரும்பு வளையங்களைக் கோத்து, ஒவ்வொன்றின் முனைகளையும் ரிவெட் என்னும் சிறு ஆணியால் மூடிப் பின்னிய கவசம் அது. 1370களில் இங்கிலாந்தில் குதிரையேறிச் சண்டையிட்ட ஒருவர், தம் மேல்கவசத்துக்கு அடியில், தொடை நடுப்பகுதி வரை வரும்படி அணிந்திருக்கக்கூடிய சட்டைக்கு முடிந்தவரை நெருக்கமான ஒன்று வேண்டும் என்பதே என் தேவை. விலை 350 பவுண்டு. அனுப்பும் செலவு தனி. கைக்கு வந்துசேரப் பதினோரு வாரங்கள் ஆயின. பட்டறையின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இத்தகைய பட்டறைகளின் சரக்கு ஐரோப்பாவில் பல விற்பனையாளர்களின் பெயரில் வருகிறது. பெயரைப் பார்த்து வாங்குவதைவிட எதைச் சோதித்து வாங்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதே வாங்குபவருக்கு உதவும்.

இந்தச் சட்டையை எதனோடு ஒப்பிடுவது என்பதுதான் முதல் சிக்கல். 1376இல் இறந்த கறுப்பு இளவரசர் எட்வர்டின் உருவம் கான்டர்பரி பேராலயத்தில் அவருடைய கல்லறையின்மேல் முழுக் கவசத்தோடு கிடக்கிறது. அந்தக் காலக் கவசத்துக்கு அதைவிடச் சிறந்த சாட்சி குறைவு. ஆனால் தலைக்கவசத்திலிருந்து தோள்மீது தொங்கும் வளையப் பின்னலை அது காட்டுகிறதே தவிர, மேல்கவசத்துக்கு அடியில் மறைந்திருக்கும் சட்டை எப்படித் தைக்கப்பட்டது என்பதைக் காட்டாது. மேலும், சிற்பிகளும் ஓவியர்களும் ஆயிரக்கணக்கான வளையங்களை ஒவ்வொன்றாகச் செதுக்கிக்கொண்டிருக்கவில்லை. பிறை பிறையாக வரிசைகளைக் கீறி, பார்ப்பவர் புரிந்துகொள்வார் என்று விட்டுவிட்டார்கள். அந்தக் கீறல்களை அப்படியே நம்பியதால்தான் 19ஆம் நூற்றாண்டில் சாமுவேல் ரஷ் மெய்ரிக் போன்ற பெரிய ஆய்வாளர்கூட, இருந்திராத பலவகை வளையக் கவசங்களைப் பெயரிட்டு வகைப்படுத்தினார். ஆகவே இந்தச் சட்டையை எடைபோட, எஞ்சியிருக்கும் அசல் பொருள்களைத்தான் பார்க்க வேண்டும். லண்டன் வாலஸ் கலெக்ஷனிலும் லீட்ஸ் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்திலும் கட்டணமின்றி அவற்றைப் பார்க்கலாம். வடக்கு இங்கிலாந்தில் வசிக்கும் நான், சட்டை வருவதற்கு முன்னும் பின்னும் பலமுறை லீட்ஸுக்குப் போய்க் கண்ணாடிக்கு இப்பால் நின்று வளையங்களைப் பார்த்தேன். அங்கே இருக்கும் இந்திய யானைக் கவசமும் இரும்புத் தகடுகளும் வளையங்களும் சேர்ந்ததுதான். சென்னை கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவின் மனைவி 1801இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது. வளையம் பின்னும் தொழில் நம் துணைக்கண்டத்துக்குப் புதிதன்று என்பதை அதன்முன் நின்று பார்க்கும் எவரும் உணர்வார்கள்.

முதலில் வளையம். விற்பனையாளர்கள் ஒரே ஒரு வளையத்தின் பெரிதாக்கிய படத்தைப் போட்டு, அதைக் கொண்டே முழுச் சட்டையையும் விற்கிறார்கள். நான் கேட்டது, தட்டையாக்கிய வளையம், ஆப்பு வடிவ ரிவெட், உள்விட்டம் 8 மில்லிமீட்டர். 14ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இந்த ஆப்பு வடிவ ரிவெட் பரவலாகிவிட்டது. அதற்கு முந்திய கவசங்களில் பெரும்பாலும் உருண்டை ரிவெட்டையே காண்கிறோம். கம்பியின் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, தட்டி அகலமாக்கி, சிறு பிளவு குத்தி, தகட்டிலிருந்து வெட்டிய முக்கோணத் துணுக்கை அதில் செருகி நசுக்குவார்கள். முன்பக்கம் சிறு கூம்பாக ஒரு தலை எழும். பின்பக்கம் தடவினால் ஏறக்குறைய வழுவழுப்பாக இருக்கும். உள்ளே அணியும் பஞ்சுச் சட்டையை ரிவெட் கிழிக்காமல் இருப்பதற்கு அந்த வழுவழுப்பு முக்கியம். எனக்கு வந்த சட்டையின் வளையங்கள் இந்த விஷயத்தில் மிக நன்றாக இருக்கின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் கூம்புத் தலை சரியான இடத்தில், மேலேற்றிய பகுதியின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. உதிரியாகக் கொடுத்திருந்த 100 வளையங்களை நகைத் தராசில் நிறுத்தேன்: 36 கிராம். சட்டையின் எடை 9.8 கிலோ. அப்படியானால் சட்டையில் ஏறத்தாழ 27,000 வளையங்கள். அத்தனையும் ஒவ்வொன்றாகக் கையால் மூடப்பட்டவை. உடல்பகுதியில் தலைகள் கூர்மையாகவும், வலது கையில் சற்று நசுங்கியும், இடது கையில் ஒரு பக்கம் சாய்ந்தும் இருக்கின்றன. ஒரே சட்டையில் குறைந்தது மூன்று பேரின் கைவாகு தெரிகிறது. ஜெர்மனியின் நூரம்பர்க்கிலும் இசர்லோனிலும் இதையே பிழைப்பாகக் கொண்டிருந்த பட்டறைகளிலும் வேலை பலர் கையில் பிரிந்தே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். இந்த வேறுபாட்டைக் குறையாக நான் எண்ணவில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது வளையச் சட்டைக்குப் பொருந்தாது. மார்பு, முதுகு, இரு தோள்கள், இரு அக்குள்கள் என ஆறு இடங்களில் 10 சென்டிமீட்டர் சதுரம் அளந்து, ஒவ்வொரு வளையத்தையும் குறட்டால் மெல்லத் திருகிப் பார்த்தேன். சதுரத்துக்குச் சுமார் 250 வளையங்கள். ஆறிலும் சேர்த்து 23 வளையங்களில் ரிவெட் சரியாக நசுங்காமலோ, பிளவு ஓரம் வெடித்தோ இருந்தது. மார்பில் ஒன்றே ஒன்று. அக்குள்களில் மட்டும் பதினான்கு. துண்டுகளை ஒன்றோடொன்று சேர்க்கும் இடத்தில், கடைசி நேர அவசரத்தில் மூடப்பட்ட வளையங்கள் அவை. கையைத் தூக்கும்போது முழு எடையும் இழுப்பது அந்த இடத்தைத்தான். இது பட்டறை திருத்திக்கொள்ளக்கூடிய, திருத்தியே ஆக வேண்டிய தவறு.

இங்கே ஒரு விளக்கம் தேவை. ஒரு வரிசை ரிவெட் வளையம், அடுத்த வரிசை இணைப்பே இல்லாத முழு வளையம் என்று மாற்றி மாற்றிப் பின்னிய சட்டை மலிவாகக் கிடைக்கிறது. அதையும் 14ஆம் நூற்றாண்டு என்றே விற்கிறார்கள். 1982இல் யார்க் நகரில் கிடைத்த 8ஆம் நூற்றாண்டுத் தலைக்கவசத்தின் கழுத்துப் பின்னல் அத்தகையதுதான். ஆகவே முறை பழமையானது, உண்மையானது. ஆனால் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு எல்லா வளையங்களும் ரிவெட் வைத்தவையாக இருப்பதே பொருத்தம். அதற்காக மாற்று வரிசைச் சட்டையை முற்றிலும் ஒதுக்கவும் எனக்கு மனமில்லை. 1361 ஜூலையில் கோட்லாந்துத் தீவின் விஸ்பி நகருக்கு வெளியே டென்மார்க் அரசர் வால்டெமாரின் படையிடம் வெட்டுண்டு, கவசத்தோடு குழிகளில் புதைக்கப்பட்ட மனிதர்களைத் தோண்டி எடுத்தபோது, மண்டையோட்டோடு துருவேறி ஒட்டிய வளையத் தலைமூடிகளும், அந்தக் காலத்துக்கே பழையதாகிவிட்ட கவசங்களும் கிடைத்தன. பாட்டன் காலத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு சண்டைக்குப் போனவர்கள் இருந்தார்கள். ஆகவே எளிய ஊர்க்காவல் வீரனை உருவாக்குபவர் மாற்று வரிசைச் சட்டையை வாங்கலாம். வசதிபடைத்த குதிரைவீரனை உருவாக்குபவர் வாங்கக்கூடாது. முனைகளை ரிவெட் இன்றி வெறுமனே வளைத்துச் சேர்த்த சட்டையை மட்டும் இருவருமே தொட வேண்டாம். அது ஓர் இழுப்புக்கு வாய் திறந்துவிடும்.

இனி வெட்டு, அதாவது சட்டையின் தையல் வடிவம். என் பெரிய ஏமாற்றம் இதில்தான். ஆர்டர் எடுக்கும்போது மார்புச் சுற்றளவும் உயரமும் மட்டுமே கேட்டார்கள். புயச் சுற்றளவையும் தோள் அகலத்தையும் நானாக எழுதி அனுப்பியும் அவை கணக்கில் எடுக்கப்படவில்லை. வந்தது ஒரு குழாய்; அதன் இரு பக்கமும் செங்கோணத்தில் ஒட்டிய இரு சிறு குழாய்கள். தரையில் விரித்தால் சிலுவைபோலக் கிடக்கிறது. அணிந்து கையைத் தோளுக்கு மேல் தூக்கினால், கீழ்விளிம்பு ஒரு சாண் மேலேறுகிறது, 9.8 கிலோவையும் ஒவ்வொரு வாள்வீச்சுக்கும் அக்குளால் தூக்க வேண்டியிருக்கிறது. இப்படி ஒரு சட்டையோடு நாள் முழுவதும் யாரும் சண்டையிட்டிருக்க முடியாது. 1364இல் பிரான்ஸின் ஓரே (Auray) என்ற ஊரருகே நடந்த போரில் மடிந்த பிரபு சார்ல் த பிளுவாவுடையது என்று சொல்லப்படும் பஞ்சுச் சட்டை, லியோன் நகரின் துணி அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதில் கை பொருந்தும் துளை மார்புவரையும் முதுகுவரையும் அகன்று போகிறது. கையை எவ்வளவு தூக்கினாலும் உடல்பகுதி நகராது. துணி தைத்தவர்கள் தீர்த்துவிட்ட கணக்கை, அதே தலைமுறையில் இரும்பு பின்னியவர்கள் அறியாமல் இருந்திருக்க வழியில்லை. எஞ்சியிருக்கும் அசல் சட்டைகளிலும் வளையங்களைக் கூட்டியும் குறைத்தும் உடலுக்கு ஏற்ற வடிவம் கொடுத்திருக்கிறார்கள். ஸ்வெட்டர் பின்னுகிறவர் கண்ணி கூட்டிக் குறைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. இந்தக் கவசத்தின் ஆங்கிலப் பெயரான ‘மெயில்’ (mail) என்பதற்கு மூலமான லத்தீன் சொல்லுக்கு வலைக்கண்ணி என்றும் பொருள் உண்டு என்பதை நினைத்தால், பின்னல் வேலையாகவே அதைப் பார்த்தவர்களின் கண் புரிகிறது. அசல் சட்டைகளில் வளையத்தின் கனம்கூட இடத்துக்கு இடம் மாறும். மார்பில் தடித்தும் கையோரத்தில் மெலிந்தும் இருக்கும். என் சட்டையில் எல்லா இடத்திலும் ஒரே வளையம்.

இவற்றை முறையாக ஆராய்ந்தவர்களில் மார்ட்டின் பர்ஜெஸை மறக்க முடியாது. 1950களில் அசல் சட்டைகளை வரிசை வரிசையாக எண்ணிப் பார்த்து, வளையம் செய்யும் கருவிகளைத் தாமே செய்து சோதித்தவர் அவர்.  அவருடைய வழியைப் பின்பற்றி நானும் அக்குள்களைப் பிரித்தேன். பக்கவெட்டியால் வளையங்களை நறுக்கி எடுத்து, சாய்சதுரமாக ஒரு துண்டைப் பின்னிச் செருகி, இடுப்புக்கு மேல் நான்கு இடங்களில் கண்ணி குறைத்து, ஏறத்தாழ 900 வளையங்களை மூட ஐந்து வாரக் கடைசிகள் ஆயின. தொடக்கத்தில் ஒரு வளையத்துக்கு மூன்று நிமிடம். கடைசி நாளில் ஒன்றரை நிமிடம். பட்டறை இன்னொரு தவறும் செய்திருந்தது: கீழ்ப்பிளவுகளை இரு பக்கவாட்டிலும் விட்டிருந்தது. குதிரையில் உட்கார்பவருக்குப் பிளவு முன்னும் பின்னும் வேண்டும். பக்கங்களை மூடி, முன்பின்னாகத் திறந்தேன். இப்போது கையைத் தூக்கினால் விளிம்பு இரு விரல் அளவே ஏறுகிறது.

மேற்பூச்சைப் பற்றிச் சுருக்கமாக. துத்தநாகப் பூச்சு வேண்டுமா என்று கேட்டார்கள். மறுத்துவிட்டேன், நீங்களும் மறுத்துவிடுங்கள். அதன் வெளிறிய பளபளப்பு இடைக்காலத்துக்கு உரியதன்று. பிறகு வளையங்களைச் சூடாக்கித் திருத்த நேர்ந்தால் அந்தப் புகை உடலுக்குத் தீங்கு. எனக்கு வந்தது கறுப்பு எண்ணெய் பூசிய சட்டை. தொட்டால் கை கரியாகும். 1344ஆம் ஆண்டு டோவர் கோட்டையின் பொருட்பட்டியலில் கவசங்களை உருட்டுவதற்கான பீப்பாய் ஒன்று இருக்கிறது. அந்த வழியையே நானும் கைக்கொண்டேன். மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில் உலர்ந்த மணலோடு சட்டையைப் போட்டு, கொல்லைப்புறத்தில் அரைமணி நேரம் உருட்டினேன். மூடியைத் திறக்கும்போது தூசு நெஞ்சுக்குள் போகாதபடி முகமூடி கட்டாயம். வெளியே எடுத்தபோது கறுப்பு போய், தினமும் புழங்கும் அரிவாள்மனையின் நிறம் வந்திருந்தது. லீட்ஸில் கண்ணாடிக்கு அப்பால் நான் பார்த்த சாயலுக்கு அது மிக அருகில் இருந்தது. இரும்பு மட்டும் வேறு. இடைக்காலத்தவர்களுடையது கசடு இழையோடிய தேனிரும்பு. இது இன்றைய மென்னெஃகு. இந்த விலைக்குத் தேனிரும்பை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

பஞ்சு வைத்துத் தைத்த உட்சட்டையின்மேல் இதை அணிந்து, இடுப்பில் வாரை இறுக்கிக் கட்டினால், தோளில் தொங்கும் எடையில் ஒரு பங்கு இடுப்புக்கு இறங்கிவிடும். வார் இல்லாமல் கால்மணி நேரத்தில் கழுத்து வலித்த எனக்கு, வாரோடு மூன்று மணி நேரம் நடக்கவும் குனியவும் முடிந்தது.

வளையத்துக்கு என் முழுப் பாராட்டு. தையலுக்கு அதைச் சொல்ல முடியாது. குறடும் பொறுமையும் இருப்பவர் தயங்காமல் வாங்கலாம். பெட்டியைப் பிரித்த அன்றே அணிய நினைப்பவர், பல மடங்கு கூடுதலாகக் கொடுத்து, உடல் அளவெடுத்துப் பின்னும் கைவினைஞர் ஒருவரிடம் போவதே நல்லது. அடுத்தமுறை நான் சட்டையாகவே கேட்கப்போவதில்லை. இதே வளையத்தில் நான்கு நீள்சதுரப் பின்னல்களும், உதிரி வளையம் இரண்டாயிரமும், அவற்றுக்கான ரிவெட்டும் அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறேன். செய்து தருவதாகப் பதில் வந்திருக்கிறது. இம்முறை புய அளவையும் அவர்களாகவே கேட்டிருக்கிறார்கள்.