பழைய கேமிங் பிசியை அப்கிரேடு செய்வதா, புதிதாக அசெம்பிள் செய்வதா?

கேம் திணறுகிறது என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கிராபிக்ஸ் கார்டை மாற்றிவிடலாம் என்பதுதான். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அப்கிரேடா புது பிசியா என்பதை முடிவு செய்வது கார்டு இல்லை, மதர்போர்டு. அந்த போர்டில் இன்னும் ஒரு நல்ல பிராசஸர் போட வழியிருந்தால் அப்கிரேடு. இல்லையென்றால் நீங்கள் புது பிசிதான் வாங்குகிறீர்கள், என்ன, தவணை முறையில்.

வேகத்தை எது பின்னுக்கு இழுக்கிறது என்று முதலில் பாருங்கள். கேம் ஓடும்போதே ரெசல்யூஷனை ஒன்றிரண்டு படி இறக்குங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்) நன்றாக ஏறினால் கார்டுதான் தடை. அதே எண்ணிலேயே நின்றால் தடை பெரும்பாலும் பிராசஸர். டாஸ்க் மேனேஜர் சிபியு 40 சதவீதம் என்றுதானே காட்டுகிறது என்று நம்பிவிட வேண்டாம். அது எல்லா கோர்களுக்கும் சேர்த்த சராசரி. ஒரே ஒரு கோர் முட்டிக்கொண்டு நின்றாலும் கேம் அதற்காகக் காத்திருக்கும். அப்படியே பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்ஸ் திரை) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் செட்டிங், ஆன் ஆகியிருக்கிறதா, ரேம் ஒற்றைக் குச்சியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். எக்ஸ்எம்பி காசே செலவில்லாமல் வேகம் கிடைக்கிற இடம்; ஒற்றைக் குச்சி என்றால் இன்னொரு குச்சிதான் செலவு.

கார்டுதான் தடை என்றால் அப்கிரேடு சுலபமாக ஜெயிக்கும். பவர் சப்ளை தாங்குமா, கேபினெட்டில் நீளம் போதுமா என்று பார்த்தால் வேலை பாதி முடிந்தது. பலர் கவனிக்காமல் விடுவது பிசிஐஇ லேன் கணக்கு, அதாவது கார்டும் போர்டும் தரவைப் பரிமாறிக்கொள்ளும் தடங்களின் எண்ணிக்கை. விலை குறைந்த கார்டுகள் பலவும் 16 லேனைப் பயன்படுத்துவதில்லை. ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 8 லேன். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-க்கு வெறும் 4. பழைய பிசிஐஇ 3.0 போர்டில் ஒவ்வொரு லேனின் வேகமும் 4.0-ல் இருப்பதில் பாதிதான். 4060 பெரும்பாலும் இதைச் சமாளித்துவிடும். 6500 எக்ஸ்டி-யில் இருப்பதோ 4 ஜிபி மெமரி. அது நிரம்பி வழியும்போது அடி பலமாக விழும். இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் எட்ட உதவும் வசதி) வேண்டும். அந்த வசதி இல்லாத போர்டில் அவற்றை வாங்கவே வேண்டாம். பழைய போர்டுக்கு மலிவான கார்டுதான் பொருத்தம் என்ற கணக்கு இங்கே தலைகீழாகிறது.

பிராசஸர்தான் தடை என்றால் கதை இரண்டாகப் பிரிகிறது.

ஏஎம்டி-யின் ஏஎம்4 சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) உள்ள போர்டு வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2017-ல் முதல் ரைசன் உட்கார்ந்த அதே சாக்கெட்டில் 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-யும் உட்காரும். 96 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக மெமரி) என்பதால் கேமில் அது தனி ரகம். கிடைக்கவில்லையா, 5600 அல்லது 5700எக்ஸ் கூடப் போதும். ரேம், போர்டு எல்லாம் அப்படியே இருக்கும். பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். மாற்றிய பிறகு பிசி ஆன் ஆகாவிட்டால் பல போர்டுகளில் அப்டேட் செய்யவும் வழியிருக்காது. கூலரை நேராகப் பிடுங்காதீர்கள். இறுகிப்போன பேஸ்ட் பிராசஸரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து பின்களை வளைத்துவிடும். பிசியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்த பிறகு, கூலரை இடவலமாகத் திருகி எடுங்கள்.

இன்டெல் பக்கம் அந்தத் தாராளம் கிடையாது. 8-ஆம் தலைமுறை 2017-ல் வந்தபோது சாக்கெட்டின் பெயர் அதே எல்ஜிஏ 1151. ஆனாலும் 6, 7-ஆம் தலைமுறை போர்டுகளில் அது வேலை செய்யவில்லை. அந்த போர்டில் ஏறக்கூடிய உச்சம் ஐ7-7700கே, 4 கோர். அதைத் தேடிப் பிடித்து வாங்குவது என் பார்வையில் வீண் செலவு. பழைய பிராசஸரோடு ஒப்பிட்டால் எஃப்பிஎஸ் ஏறும்தான், ஆனால் விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியல் பொதுவாக 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இவர்களுக்குப் புது அசெம்பிள்தான். 12-ஆம் தலைமுறை எல்ஜிஏ 1700 போர்டு என்றால் 14 வரை ஏறலாம், அங்கே அவசரம் இல்லை.

பெரிய பிராண்டுகளின் ரெடிமேட் டெஸ்க்டாப் சிலவற்றில் பவர் சப்ளை கனெக்டரே அவர்களின் சொந்த வடிவம். அதில் கார்டு மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புது அசெம்பிளில் வலிக்கிற இடம் ரேம். ஏஎம்4-க்கு அடுத்து வந்த ஏஎம்5 சாக்கெட்டில் டிடிஆர்5 வகை ரேம் மட்டும்தான், கையிலிருக்கும் பழைய டிடிஆர்4 குச்சிகள் பயன்படாது. 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு, நான் ஏஎம்4 அப்கிரேடு பக்கம் இன்னும் சாய்ந்துவிட்டேன். புது பிசிக்கு ஒரு நல்லது உண்டு: பழையது முழு மெஷினாக மிஞ்சும். தம்பிக்குக் கொடுக்கலாம், விற்கலாம். அப்கிரேடில் மிஞ்சுவது ஒரு சிப்.

பழையதை முழுதாக வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்றால் கேபினெட், எஸ்எஸ்டி, ஓரளவு புதிய பவர் சப்ளை ஆகியவற்றைப் புது பிசிக்குக் கொண்டுபோகலாம். பவர் சப்ளையையும் மாற்றுவதாக இருந்தால் பழைய மாடுலர் கேபிள்களை (சப்ளையிலிருந்து கழற்றி மாட்டக்கூடியவை) அப்படியே விட்டுவைக்காதீர்கள். சப்ளை பக்கம் இருக்கும் பின் அமைப்புக்குப் பொதுத் தரம் எதுவும் இல்லை. 5 வோல்ட் வரவேண்டிய கம்பியில் 12 வோல்ட் வந்தால், நல்ல நிலையில் இருந்த எஸ்எஸ்டி முதல் தடவை ஆன் செய்யும்போதே கருகிவிடும்.