மோனோ ரயில்: ஒற்றை உத்தரத்தின் தகுதி

இரட்டைத் தண்டவாளத்துக்குப் பதில் ஒற்றை உத்தரத்தில் ஓடும் மோனோ ரயிலில் ஏறுபவர் முதல் பெட்டியின் முன்னிருக்கையைப் பிடித்துவிட வேண்டும். மேம்பாலத்தில் ஓடும் மெட்ரோவிலிருந்து எட்டிப் பார்த்தால் பக்கச்சுவரும் அடுத்த தண்டவாளமும்தான் கண்ணில் படும்; இதிலோ சன்னலுக்குக் கீழே எதுவும் இல்லாததால் நேராகச் சாலையே தெரிகிறது. கான்கிரீட் உத்தரத்தின் மீது ரப்பர் சக்கரங்கள் உருளுவதால், வளைவுகளில் இரும்போடு இரும்பு உரசும் கிரீச்சொலியும் எழுவதில்லை. சில பழைய வடிவங்களில் சக்கரங்கள் பெட்டிக்குள் மேடாகப் புடைத்திருக்கும். அந்த மேட்டின் மேல் இருக்கைகளைப் போட்டிருப்பதால், கூட்ட நேரத்தில் நிற்க இடம் தேடுவது தனிப்பாடு. மற்றபடி பயணம் சுகமானது.

ஆனால் போக்குவரத்துச் சேவையை மதிப்பிடும்போது வேடிக்கைக்கு மதிப்பெண் கிடையாது. மோனோ ரயிலுக்குக் கண்காட்சி வாடை இன்னும் அடிக்கிறது என்பது என் எண்ணம். அமெரிக்காவின் சியாட்டிலில் 1962இல் உலகக் கண்காட்சிக்காகவே அது கட்டப்பட்டது.

அது உண்மையிலேயே வெல்வது நிலம் இடம் கொடுக்காத ஊர்களில்தான். ஜெர்மனியின் வுப்பர்டாலில், குறுகிய பள்ளத்தாக்கில் வேறு வழியின்றி ஆற்றுக்கு மேலேயே இரும்புச் சட்டங்களை நிறுத்தி, அவற்றில் பெட்டிகளைத் தொங்கவிட்டார்கள். 1901இல் தொடங்கிய அந்த 13.3 கி.மீ. தடம் இன்றும் அந்நகரின் அன்றாட வாகனமாக இருக்கிறது. சீனாவின் சோங்சிங் மலையும் ஆறுமாகக் கிடக்கும் நகரம். இரும்புச் சக்கரம் திணறும் ஏற்றங்களில் ரப்பர் சக்கரம் பிடிப்போடு ஏறும் என்பதால், அங்கே இரண்டு தடங்களாக ஏறத்தாழ 98 கி.மீ. மோனோ ரயில் ஓடுகிறது. லிசிபா நிலையத்தில் அது அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் உள்ளேயே நுழைந்து செல்கிறது. இருந்தும், அதே நகரம் பிறகு கட்டிய மெட்ரோ தடங்களில் பெரும்பாலானவற்றுக்கு வழக்கமான இரட்டைத் தண்டவாளத்தையே தேர்ந்தெடுத்தது.

காரணம், தடம் மாறுவதில் இருக்கும் சிக்கல் என்றே கருதுகிறேன். சாதாரண ரயில் பாதையில் கூர்முனை கொண்ட இரண்டு தண்டவாளத் துண்டுகள் சில அங்குலம் நகர்ந்தால் வண்டி அடுத்த பாதைக்குப் போய்விடும். மோனோ ரயிலுக்கோ பல டன் எடையுள்ள உத்தரமே வளைந்தோ நகர்ந்தோ கொடுக்க வேண்டும். அதற்கு நேரமும் செலவும் கூடுதல். அதனால் கிளைத் தடங்கள் அரிதாகி, ஒரு வண்டி பழுதானால் பின்னால் வருபவற்றைச் சுற்றி அனுப்பவும் வழியில்லாமல் போகிறது. உத்தரத்தின் அளவும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுவதால், வண்டி விற்றவரிடமே உதிரிபாகத்துக்கும் காத்திருக்க வேண்டும். இந்த நிலை பேருந்துக்கு இல்லை. டிராமுக்கும் இவ்வளவு இல்லை.

இறங்கும் வழி இன்னொரு கவலை. 2025 ஆகஸ்டில் மும்பையில் கனமழையின்போது நெரிசல் மிகுந்த மோனோ ரயில் ஒன்று இரு நிலையங்களுக்கு நடுவே நின்றுவிட, 500க்கும் மேற்பட்டவர்களைத் தீயணைப்பு வீரர்கள் ஏணி வண்டிகளைக் கொண்டு வந்து இறக்க வேண்டியிருந்தது. மெட்ரோ பாலமாக இருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பயணிகளைப் பாதை வழியே நடத்திச் சென்றிருக்கலாம். உத்தரத்தின் ஓரமாக நடைபாதை அமைத்த மோனோ ரயில்களும் உண்டு. ஆனால் அப்போது, சாலைக்கு நிழல் விழாது என்று எதைச் சொல்லி விற்றார்களோ அந்த ஒல்லியான தோற்றம் போய்விடுகிறது.

பயணிகள் எண்ணிக்கையில் பெரிய மெட்ரோவுக்கு இது ஈடாகாது. தனிப் பாதையில் ஓடும் பேருந்துகளைவிடக் கூடுதலாக ஏற்றும் என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. கொலம்பியாவின் போகோட்டா நகரம் 2000ஆம் ஆண்டு முதல் பேருந்துகளைக் கொண்டே மெட்ரோ அளவிலான கூட்டத்தைச் சமாளித்து வருகிறது. சமதளமான, அகலச் சாலை உள்ள ஊரில் மோனோ ரயிலைத் திட்டமிடுபவர்கள், சிட்னியில் 1988இல் திறந்து 2013இல் மூடப்பட்ட 3.6 கி.மீ. வளையத்தைப் படித்துவிட்டுத் தொடங்கலாம்: அதில் வண்டிகள் ஒரே திசையில்தான் ஓடின, முந்தைய நிலையத்துக்குப் போக விரும்பியவர் ஊரைச் சுற்றி வர வேண்டும், அல்லது இறங்கி நடக்க வேண்டும்.