‘கேஷ்: 0’ என்கிறது, சி டிரைவ் மட்டும் சிவப்பு

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் பிழைப்பு. தை மாதம் வருடச் சந்தா கட்டி இந்த எடிட்டிங் சாஃப்ட்வேரை வாங்கினேன். மூன்று கேமராவின் ஃபுட்டேஜையும் சத்தத்தை வைத்தே பொருத்திவிடும். கெட்டிமேளம் ஒரு கேமராவில் முந்தியும் இன்னொன்றில் பிந்தியும் வருகிற தொல்லை அதோடு ஒழிந்தது. கலர் வேலையும் சுத்தம்.

வம்பு கேஷில்தான். பணமில்லை; வேலை வேகமாக நடக்க சாஃப்ட்வேர் தானே எழுதி வைத்துக்கொள்ளும் தற்காலிக ஃபைல்கள். ஆவணி முகூர்த்தங்கள் முடிந்து ஏழு கல்யாணம் கையில் இருந்தது. டெஸ்க்டாப்புக்கு எக்ஸ்போர்ட் போட்டது 92 சதவீதத்தில் ‘இடமில்லை’ என்று நின்றுவிட்டது. சி டிரைவ் 256 ஜிபி எஸ்எஸ்டி, மிச்சம் 2 ஜிபி. போனில் பெண் வீட்டார்: “அண்ணே, இன்னிக்குக் கிடைச்சிருமா? மாப்பிள்ளைக்கு நாளைக்கு ஃப்ளைட்டு.” செட்டிங்ஸில் போய் கேஷை அழிக்கும் பட்டனை அழுத்தினேன். ‘கேஷ்: 0’ என்று காட்டியது. சி டிரைவ் அப்படியே சிவப்பாக இருந்தது.

விண்டிர்ஸ்டாட் போட்டுப் பார்த்தேன். இலவசம்தான், ஒவ்வொரு ஃபைலையும் அதன் அளவுக்கேற்ற கட்டமாக வரைந்து காட்டும். ஆப்டேட்டா என்று விண்டோஸ் மறைத்து வைத்திருக்கும் ஃபோல்டருக்குள் 88 ஜிபி! தையில் எடுத்த கல்யாணத்தின் கேஷ்கூட இருக்கிறது. அந்தப் பெண்ணின் வளைகாப்புக்கே போன வாரம் அட்வான்ஸ் வாங்கிவிட்டேன்.

கேமரா சுருக்கிப் பதிந்த ஒலியை இது விரித்து எழுதி வைத்துக்கொள்கிறது. 48 கிலோஹெர்ட்ஸ், 32 பிட், ஸ்டீரியோ என்றால் மணிக்கு 1.4 ஜிபி போல வரும். மூன்று கேமரா, ஆறு ஆறு மணி நேரம். கல்யாணத்துக்கு 25 ஜிபி ஆச்சா? ஏப்ரலில் கேஷ் இருக்கும் இடத்தை டி டிரைவுக்கு மாற்றியிருந்தேன். பட்டன் அந்தப் புது இடத்தை மட்டும்தான் துடைக்கிறது. பழைய இடம் அதன் கணக்கிலேயே இல்லை. ஆக, வேண்டாத குப்பை தங்கிவிட்டது; கையிலிருந்த ஏழு கல்யாணத்தின் கேஷ் போய்விட்டது. ஒவ்வொன்றையும் திறக்கும்போது முதலிலிருந்து உட்கார்ந்து தயாரிக்கிறது.

சப்போர்ட்டுக்கு எழுதினேன். இரண்டு நாள் கழித்து, அன்இன்ஸ்டால் செய்து திரும்பப் போடச் சொன்னார்கள். செய்தேன். சாஃப்ட்வேர் போனது, 88 ஜிபி போகவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் மூடிவிட்டு, கேஷ் ஃபோல்டரை நானே அழித்தேன். பக்கத்திலேயே, செய்த எடிட்டைத் தானாகச் சேமித்து வைக்கும் ஆட்டோசேவ் ஃபோல்டரும் இருக்கிறது, ஜாக்கிரதை. கடைத் தம்பி “அண்ணே, அது வேற!” என்று கத்தியதால் தப்பித்தேன்.

எடிட்டிங்குக்கு ஐந்துக்கு நான்கு, கேஷுக்கு ஒன்று. வாங்குவதென்றால் முதல் நாளே கேஷைத் தனி டிரைவுக்கு மாற்றிவிடுங்கள், அப்புறம் இடம் மாற்றாதீர்கள். தை வரை எனக்குச் சந்தா இருக்கிறது; அதுவரை சனிக்கிழமைதோறும் நானே பெருக்கிக்கொள்கிறேன்.